தராசு ஏன் தடுமாறியது?
சுட்ட தோட்டாக்களின் உறைகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் தோட்டா மறுநிரப்பலுக்கான பிரஸ் (அழுத்தும் கருவி), டை (அதில் பொருத்தும் அச்சு) எல்லாம் ஒரே நாளில் தேர்ந்தெடுத்துவிட்டேன். நான்கு நாட்களைத் தின்றது வெடிமருந்தை நிறுக்கும் மின்னணுத் தராசுதான். ஒரே மருந்தை மறுபடி வைத்தால் 0.3 கிரெயின், அதாவது சுமார் 0.02 கிராம், மாறியது. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இது சிறிய பிழை அல்ல.

பேட்டரியை மாற்றினேன். மேசையை மட்டம் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். பயனில்லை.

தட்டை வைத்துச் சுழியமாக்கிவிட்டுத் தூக்கினால், திரையில் தெரியும் மைனஸ் எண் தட்டின் எடையில் அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு அதன் கடைசி இலக்கம் ஊர்ந்தது. அதுவும் மேசைமேல் குழல்விளக்கு எரிந்தபோது மட்டும். விளக்கை அணைத்தேன், நின்றுவிட்டது. அப்பாடா!

இப்போது அங்கே பேட்டரி விளக்கு. சரிபார்க்க எடைக்கற்களும், மின்சாரமே தேவைப்படாத கோல்தராசும் வாங்கிவிட்டேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியவை அவை. சந்தேகத்தோடு நிரப்பியவற்றையெல்லாம் பிரித்துவிட்டேன்.