சிக்கிய நங்கூரத்தை விடுவிக்க ஒரு கயிறு போதும்

கிரேக்கத் தீவுகளில் படகோட்டுபவர்கள் 5 மீட்டர் கயிறு ஒன்றை முன்தளத்திலேயே தயாராக வைத்திருங்கள். ஹைட்ரா போன்ற சின்னத் துறைமுகங்களில் எல்லாரும் நங்கூரத்தை எதிரே போட்டுப் பின்பக்கமாகக் கரையில் கட்டுவதால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கிளம்பும்போது உங்கள் நங்கூரம் அடுத்தவர் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு வரும்.

அந்தச் சங்கிலி நீர்மட்டத்துக்கு வந்ததும் விஞ்சை, அதாவது நங்கூரச் சங்கிலியை இழுக்கும் இயந்திரத்தை, நிறுத்துங்கள். கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டி, மறு முனையைக் கொக்கிக் கம்பால் சங்கிலிக்கு அடியில் விட்டு மேலே இழுத்து, அதையும் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது உங்கள் நங்கூரத்தை ஒரு மீட்டர் இறக்குங்கள். பாரம் கயிற்றுக்கு மாறிவிடுவதால் நங்கூரம் தானே கழன்றுகொள்ளும். படகை மெல்லப் பின்னுக்கு எடுத்து, நங்கூரத்தை ஏற்றியபின் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் சங்கிலி அடிக்குப் போய்விடும். முக்குளிப்பவரைக் கூப்பிடும் செலவு மிச்சம். சங்கிலியைக் கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள், விரல் நசுங்கும்.

அடுத்தவர் சங்கிலி விறைப்பாக நின்று விஞ்ச் திணறினால் இது உதவாது. அந்தச் சங்கிலிக்குரிய படகுக்காரரிடம் சொல்லிச் சங்கிலியைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற கோடைக்கால வடக்குக் காற்று பலமாக வீசும் பிற்பகலிலும் வேண்டாம், காலையில் செய்யுங்கள்.