கொரில்லா பார்க்கப் போகிறீர்களா? முதலில் மூக்கைச் சிந்திப் பாருங்கள்

முதல் தடவை போனபோது நான் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை. கம்பாலாவிலிருந்து பத்து மணி நேரம் காரில் குலுங்கி, உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ப்விண்டி காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ரேஞ்சர் விதிமுறைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டேன். "சார், நீங்கள் வர முடியாது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்தாள். நான் விடுதியில் இஞ்சி டீயோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருடம்தான் எனக்கு வாய்த்தது.

சரி, கொரில்லா பார்க்க வாங்கும் அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். மலைக் கொரில்லா உலகத்தில் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று ப்விண்டி. இன்னொன்று உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சேரும் விருங்கா எரிமலைத் தொடர். எந்த மிருகக்காட்சிசாலையிலும் கிடையாது, அங்கெல்லாம் இருப்பது வேறு வகை. பெர்மிட் ருவாண்டாவில் ஒரு ஆளுக்கு 1,500 டாலர். உகாண்டாவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர், அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம் என்பதால் பெர்மிட் குறைவு. பல மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். பதினைந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

பெர்மிட்டில் எந்த வாசல் என்று எழுதியிருக்கும்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ. அதைப் பார்த்த பிறகுதான் அறை போட வேண்டும். ருஷாகாவுக்குப் பெர்மிட் வாங்கிவிட்டு புஹோமாவில் தங்கினால் நடுவில் காடு நிற்கும். விடியற்காலையில் மலையைச் சுற்றி வரும் அந்த ரோட்டைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை.

உடை விஷயத்தில் ஸ்டைல் வேண்டாம். முழுக்கை, முழுக்கால், தோட்ட வேலைக் கையுறை. ஆங்காங்கே செந்தட்டி மாதிரி ஒரு செடி, உரசினால் அரை மணி நேரம் எரியும். கொரில்லா அதைக் கீரை போல மென்று தின்கிறது! பேன்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், எறும்புப் படை வரும். சுமை தூக்க ஒரு போர்ட்டரை வைத்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குக் காட்டிலிருந்து நேராகக் கைக்கு வரும் காசு அது. பார்த்ததும் "அகாண்டி" என்று நலம் விசாரியுங்கள், முகம் மலர்ந்துவிடும். எனக்கு வந்த பையன் சேற்றுச் சரிவில் என்னைப் பாதித் தூரம் இழுத்தே கொண்டுபோனான்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொரில்லா ஒவ்வொரு இரவும் இலை தழையை மடக்கிப் புதுப் படுக்கை போட்டுத் தூங்கும். நேற்று விட்ட இடத்திலிருந்து தடம் பிடித்து அந்தப் படுக்கையைக் கண்டுபிடிக்க ஆட்கள் அதிகாலையிலேயே கிளம்பிவிடுவார்கள். அரை மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம்.

நெருங்கியதும் முகக்கவசம். பத்து மீட்டர் இடைவெளி. ஃபிளாஷ் கூடாது. ரேஞ்சர் தொண்டையைச் செருமினார். பெரியவர்கள் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் செருமுவார்களே, அதே தொனி. புதருக்குள்ளிருந்து அதே செருமல் பதிலாக வந்தது. அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். முதுகில் வெள்ளி பூத்த ஆண், கிட்டத்தட்ட 160 கிலோ. கரும்பைப் பல்லால் உரிப்பது போல ஒரு தண்டை உரித்து, உள்சதையை மட்டும் தின்றுகொண்டிருந்தார். எங்களைச் சட்டையே செய்யவில்லை. மொத்தக் குடும்பமும் சத்தமாகக் காற்றுப் பிரித்துக்கொண்டிருந்தது, இதை எந்தச் சுற்றுலாப் புத்தகமும் சொல்லாது. கொரில்லா பாய்ந்து வருவது போல மிரட்டினால் ஓடாதீர்கள். குனிந்து உட்கார்ந்து பார்வையைத் தாழ்த்துங்கள்.

தும்மலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? நம் சளி கொரில்லாவுக்கும் ஒட்டும், நமக்கு மூன்று நாள் மூக்கொழுகல் என்றால் அதற்கு நிமோனியாவாக முடியலாம். 1996-இல் ப்விண்டி கொரில்லாக்களுக்குச் சிரங்கு வந்து ஒரு குட்டி செத்தது. மனிதரிடமிருந்து வந்த சிரங்கு. தோட்டத்துக்குள் வந்த கொரில்லாக்கள் சோளக்கொல்லை பொம்மையின் அழுக்குச் சட்டையைத் தொட்டிருக்கலாம் என்று சந்தேகம். அப்போது வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, பிறகு 2003-இல் ஒரு அமைப்பைத் தொடங்கி ஊர் மக்களின் ஆரோக்கியத்தையே கவனிக்க ஆரம்பித்தார். ஊர் சுத்தமாக இருந்தால்தான் காடு பிழைக்கும் என்ற கணக்கு. எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது.

கம்பிச் சுருக்கு இன்னொரு தொல்லை. வைப்பது குட்டி மானுக்கும் காட்டுப்பன்றிக்கும். மாட்டுவது சில சமயம் கொரில்லாவின் கை. 2020-இல் ரஃபிக்கி என்ற பேர்பெற்ற ஆண் கொரில்லாவை ஒரு வேட்டைக்காரர் ஈட்டியால் குத்திக் கொன்றார், 11 வருடச் சிறை. ஆனால் வேட்டைக்காரரைத் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். 1991-இல் ப்விண்டி தேசியப் பூங்கா ஆனபோது, தலைமுறை தலைமுறையாக உள்ளே வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றிவிட்டார்கள். காட்டு ஓரத்தில் இன்றும் கூலி வேலை செய்கிறார்கள். அவர்கள் நடத்தும் நடைப்பயணத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்.

இத்தனைக்கும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. 1980-களில் விருங்காவில் 250 அளவுக்குச் சுருங்கியிருந்தது. 2018-இல் முடிந்த கணக்குப்படி இரண்டு இடங்களிலும் சேர்த்து 1,063.

என் ஒரு மணி நேரம் முடிந்து திரும்பும்போது, அம்மாவின் முதுகில் இருந்த ஒரு குட்டி தும்மியது. எல்லோரும் சிரித்தோம். ரேஞ்சர் சிரிக்கவில்லை. நின்று, பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.