மூளைச் செல்லின் மெத்தில் குறிகளும் பைபோலார் நோயும்: நாம் செய்யும் தவறுகள்

மனநிலை கட்டற்ற உற்சாகத்துக்கும் (பித்துநிலை) ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் பைபோலார் நோயைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் காதில் விழுகின்றன. "பரம்பரை வியாதி, விதி" என்பது ஒன்று. "மரபணுவின் மேல் விழுந்த குறியை அழித்துவிடலாமாம், இனி மாத்திரை எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

நம் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எங்கே, எவ்வளவு வேலை செய்யும் என்பதை நெறிப்படுத்துபவற்றில் அதன்மேல் ஒட்டும் மெத்தில் என்னும் வேதிக் குறிகளும் சேரும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர்களின் மூளை முன்பகுதியிலிருந்து நரம்புச் செல்களை மட்டும் பிரித்துச் சோதித்தார்கள். பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) இருந்தவர்களிடம் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவைத் தூண்டும் ஓரிடத்தில் இக்குறிகள் குறைந்திருந்தன. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை உண்டாக்கும் நொதியின் அளவோடும் அந்த இடத்துக்குத் தொடர்பு தென்பட்டது.

இதைப் படித்ததும் "காரணம் கிடைத்துவிட்டது" என்று முடிவு கட்டுவது முதல் தவறு. நோயோடு வாழ்ந்த ஆண்டுகளும், உண்ட மருந்தும், புகைத்த சிகரெட்டும்கூடக் குறிகளை மாற்றும். எது முந்தியது என்பதை இறந்தபின் எடுத்த மூளை மட்டும் சொல்லிவிடாது. ரத்தப் பரிசோதனை ஒன்றில் இந்நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டுவதும் வீண். ரத்தச் செல்லின் குறி வேறு, நரம்புச் செல்லின் குறி வேறு. உறக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கிய நாட்களைப் பற்றி நோயாளியிடமும் வீட்டாரிடமும் பொறுமையாகக் கேட்டுத்தான் மனநல மருத்துவர் இன்றும் நோயை உறுதிசெய்கிறார்.

1860 முதல் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் பட்ட பாடும், இனவாரியாக வசிப்பிடம் பிரித்த நிறவெறிச் சட்டம் வீடுகளைப் பறித்து டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்குத் துரத்திய துயரமும் மரபணுவில் பதிந்து பேரப்பிள்ளைக்கு இந்நோயாக வந்தன என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்தத் துயரம் உண்மை. ஆனால் கருவுருவாகும் கட்டத்தில் பெரும்பாலான மெத்தில் குறிகள் அழிந்து புதிதாக எழுதப்படுகின்றன. மனிதர்களில் இப்படித் தலைமுறை தாண்டி நோய் வருவதாக நிரூபணம் இல்லை. மரபுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பரம்பரை வியாதி என்ற பேச்சுக்கு அஞ்சி, பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அத்தையின் மாத்திரைப் பெட்டியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்த வீடு ஒன்றை நான் அறிவேன். விருந்தினர் போனபின்பும் பெட்டி அங்கேயே கிடந்தது. அன்றிரவு அத்தை மருந்து எடுக்கவில்லை.

"மெத்தில் சத்து" என்று கடையில் விற்பதை வாங்கி விழுங்குவது இன்னும் ஆபத்தானது. குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் தேடிப்போய் ஒட்ட எந்த மாத்திரைக்கும் தெரியாது. மெத்திலை வழங்கும் சாம்-இ என்ற துணைமருந்து பைபோலார் உள்ளவரைப் பித்துநிலைக்குத் தள்ளிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பைபோலாருக்குத் தரப்படும் வால்புரோயேட் மாத்திரை மெத்தில் குறிகளைத் தொடுவது உண்மைதான். ஆனால் அது கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

கடைசியாகத் தைப்பூச விரதம். பைபோலாருக்கான லித்தியம் மருந்தை எடுப்பவர் திடீரென உப்பைக் குறைத்தாலோ, ஜனவரி வெயிலில் காவடியோடு நடந்து நீர்ச்சத்து இழந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கால்வலிக்கு ஐபுபுரோஃபென் போட்டால் இன்னும் ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை நஞ்சேறியதன் அடையாளம். அருள் வந்ததாக எண்ணி நிற்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கொடியேறும் முன்பே மருத்துவரைக் கண்டு, லித்தியம் அளவைச் சோதித்து, எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று கேட்டுக்கொண்டால் காவடி எடுக்கலாமா என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.