போட்டி மிகுந்த சிறப்புத் துறையைக் குறிவைப்பவர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் இடம் கிடைத்து, எதில் சேர்வது என்று யோசிக்கும் மாணவருக்கும் பெற்றோருக்கும் இக்குறிப்பு. தோல் மருத்துவம், எலும்பியல் அறுவை சிகிச்சை, நரம்பியல் அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, காது மூக்கு தொண்டை ஆகிய துறைகளில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி) இடங்கள் குறைவு, விண்ணப்பிப்போர் அதிகம். இத்துறைகளில் மனம் வைத்திருப்பவர் தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

முதலில் பட்டத்தின் வகையைப் பாருங்கள். அமெரிக்காவில் மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டங்கள் இரண்டு: எம்டி, ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டிஓ. இவ்விரு பட்டதாரிகளுக்குமான ரெசிடென்சிகளின் அங்கீகாரமும் 2020-இல் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. ஆனாலும் நரம்பியல் அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்றவற்றில் டிஓ பட்டதாரிகள் இன்றும் மிகச் சிலரே. அவர்களில் பலர் டிஓ மாணவர்களுக்கான காம்லெக்ஸ் உரிமத் தேர்வுடன், எம்டி மாணவர்கள் எழுதும் யுஎஸ்எம்எல்இ உரிமத் தேர்வையும் எழுத வேண்டியிருக்கிறது. கரீபியன் தீவுக் கல்லூரிகளில் படிப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தாலும் வெளிநாட்டுக் கல்லூரிப் பட்டதாரிகளாகவே கருதப்படுவார்கள்; மேற்சொன்ன துறைகளில் அவர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. எனவே, பெயர் பெறாத மாநிலக் கல்லூரியே ஆனாலும் எம்டி இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். கரீபியன் இடம் மட்டும் கையில் இருந்தால், ஓராண்டு பொறுத்து மீண்டும் விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

யுஎஸ்எம்எல்இ-யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. அதன்பின் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண், மருத்துவமனைச் சுழற்சிகளின் (துறை துறையாக மாறிச் செய்யும் பயிற்சி) மதிப்பீடு, பரிந்துரைக் கடிதம், ஆராய்ச்சி ஆகியவற்றின் எடை கூடியிருக்கிறது. கல்லூரியின் பெயருக்கும் ஓரளவு எடை உண்டு. ஆனால் பெயரைவிட முக்கியமானது, நீங்கள் விரும்பும் துறையில் அக்கல்லூரியே சொந்தமாக ரெசிடென்சி நடத்துகிறதா என்பதுதான். அப்படி நடத்தினால் முதலாண்டிலேயே அத்துறைப் பேராசிரியரிடம் ஆராய்ச்சியில் சேரலாம். நான்காம் ஆண்டில் அங்கேயே சப்-இன்டர்ன்ஷிப் (பயிற்சி மருத்துவரைப் போலப் பொறுப்பேற்றுச் செய்யும் சுழற்சி) செய்யலாம். முதலாண்டிலிருந்தே உங்கள் வேலையைக் கண்ட துறைத் தலைவரிடமிருந்து கடிதம் பெறலாம். இவை சிறிய துறைகள். கடிதம் எழுதுபவரும் அதைப் படிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பது வழக்கம் என்பதால், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். சொந்தத் துறை இல்லாத கல்லூரியில் படிப்பவர் இவற்றையெல்லாம் வெளியூர் மருத்துவமனைகளில், வாடகையும் பயணச் செலவும் கொடுத்து, சில வாரச் சுழற்சிகளுக்குள் சம்பாதிக்க வேண்டும். முடியாததல்ல, ஆனால் சுமை பெரிது.

அடுத்து, கல்லூரி வெளியிடும் மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறை) பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். ஓராண்டுப் பட்டியல் போதாது. நான்கைந்து ஆண்டுகளுக்கானவற்றைச் சேர்த்து, வகுப்பின் அளவோடு ஒப்பிட்டு, உங்கள் துறையில் எத்தனை பேர் இடம் பெற்றார்கள் என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் சொந்த மருத்துவமனையிலேயே தங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெயருக்கு எதிரே ஓராண்டு ‘பிரிலிமினரி’ (தொடக்கப் பயிற்சி) அறுவை சிகிச்சை இடம் மட்டும் இருந்து, அதைத் தொடரும் துறை குறிப்பிடப்படவில்லையென்றால், அந்த மாணவர் விரும்பிய துறை கிடைக்காமல் போயிருக்க வாய்ப்புண்டு. எங்குமே இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் பட்டியலில் வரவே மாட்டார்கள் என்பதால், அந்த எண்ணிக்கையை மாணவர் விவகார அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மதிப்பீட்டு முறையையும் விசாரியுங்கள். முதலிரண்டு ஆண்டுகள் தேர்ச்சி, தோல்வி மட்டுமே என்று சொல்லும் சில கல்லூரிகள், உள்ளுக்குள் மாணவர்களின் தரவரிசையை வைத்திருந்து, ரெசிடென்சி விண்ணப்பத்துக்காகக் கல்லூரி அனுப்பும் டீன் கடிதத்தில் தெரிவிப்பதுண்டு.

செலவு தனிக் கணக்கல்ல. தோல் மருத்துவம் போன்ற துறைகளுக்காகப் பலர் ஆராய்ச்சிக்கென்றே ஓராண்டு கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது அந்த ஆண்டை எடுப்பது கடினம். 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கான கூட்டாட்சி அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, சொந்த ரெசிடென்சித் துறை இரண்டு கல்லூரிகளிலும் இருந்தால், செலவு குறைந்ததையே தேர்ந்தெடுங்கள். படிக்கும்போது விருப்பத் துறை மாறுவது மிகச் சாதாரணம். அப்போதும் இந்தத் தேர்வு உங்களைக் கட்டிப்போடாது.

பல எம்டி இடங்கள் பெற்றவர்கள் ஏப்ரல் 30-க்குள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மேட்ச் முடிவுகள் வருவது மார்ச் மாதத்தில் என்பதால் இடையில் சில வாரங்கள் கிடைக்கும். அந்த நாட்களில், ஒவ்வொரு கல்லூரியிலும் உங்கள் துறையில் அப்போதுதான் இடம் பெற்ற நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள்: முதல் ஆராய்ச்சி வாய்ப்பு யார் மூலம், எந்த ஆண்டில் கிடைத்தது, கடிதங்களை எழுதியவர்கள் சொந்தப் பேராசிரியர்களா வெளியூர்க்காரர்களா, அதே துறைக்கு விண்ணப்பித்த வகுப்புத் தோழர்களில் இடம் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.