போன தீவுக்கே மறுபடி: மாலத்தீவு டைவ் ரிசார்ட்டை இரண்டாம் முறை பதிவு செய்யுமுன்

முதல் தடவை போகிறவர் நாலு இடத்தில் விசாரிப்பார். ஏற்கெனவே போய்வந்தவர் விசாரிப்பதில்லை. "நமக்குத் தெரிந்த இடம்தானே" என்று முன்பணத்தைக் கட்டிவிடுவார், கோட்டை விடுவதும் அங்கேதான். ஒரு டைவ் ரிசார்ட் மனதில் நிற்பதற்குக் காரணம் தண்ணீருக்கடியில் இருந்த பவளம், அந்த மாதத்து நீரோட்டம், டைவ் சென்டரில் அன்று இருந்த ஆட்கள். பெயர்ப் பலகை அப்படியே இருக்க, இந்த மூன்றும் மாறிப்போயிருக்கலாம்.

பழைய டைவ் லாக் புத்தகத்தை எடுத்து முதலில் மாதத்தைப் பாருங்கள். மாலத்தீவில் ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. காற்றோடு நீரோட்டமும் திசை மாறும். வடகிழக்குக் காலத்தில் கிழக்குப் பக்கம் பெருங்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும். மிதவை உயிரிகள் மேற்கு விளிம்பில் சேரும், அவற்றைத் தின்னும் மாண்டா திருக்கைகளும் அங்கே போகும். தென்மேற்குக் காலத்தில் எல்லாம் தலைகீழ். பா பவளத்தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டாக்கள் கூடுவது ஜூன் முதல் நவம்பர் வரைதான். ஆகஸ்டில் அங்கே ஐம்பது மாண்டா பார்த்தவர் ஜனவரியில் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பார். (அங்கே காற்று டேங்க் போட்டு இறங்க அனுமதி இல்லை. மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் நீந்தும் ஸ்நார்கலிங் மட்டுமே.) திமிங்கலச் சுறாவுக்காகப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்தின் பக்கம் அவை ஆண்டு முழுவதும் உலவுகின்றன.

கடற்கரைக்கும் இதே கதைதான். சிறு தீவுகளில் மணல் பருவத்துக்குப் பருவம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். பிப்ரவரியில் வாசலில் இருபது அடி மணல் இருந்த அதே அறைக்கு முன்னால் ஆகஸ்டில் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கலாம். பழைய அறை எண்ணைக் கேட்டு வாங்காதீர்கள். "நாங்கள் வரும் மாதத்தில் எந்தப் பக்கம் மணல் இருக்கும்?" என்று கேட்டு வாங்குங்கள். கூடவே, கடந்த ஓராண்டில் கரைக்கு மணல் பம்ப் செய்தார்களா என்றும் கேளுங்கள். அப்படிச் செய்திருந்தால் நுண்மணல் படிந்து, கரையை ஒட்டிய பவளம் மூச்சடைத்துப் போயிருக்க வாய்ப்பு உண்டு.

பவளத்தைப் பற்றி வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். மாலத்தீவின் ஆழம் குறைந்த பவளத்திட்டுகள் 1998-லும் 2016-லும் கடல் சூடேறிக் கடுமையாக வெளிறின. 2024-லும் உலகளாவிய வெளிறல் நடந்தது. நீங்கள் போனது இதற்கு முன்பு என்றால், கடந்த ஒரு மாதத்துக்குள் எடுத்த, 3 முதல் 5 மீட்டர் ஆழத்து வீடியோ ஒன்றை டைவ் சென்டரிடம் கேளுங்கள். வெளிறல் முதலில் அடிப்பது அந்த ஆழத்தைத்தான். வெள்ளை வெளேரென்று இருந்தால் பவளம் இன்னும் உயிரோடு தவிக்கிறது என்று பொருள். கிளைகளின் மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி மயிர்போல் படர்ந்திருந்தால் செத்துவிட்டது. உடைந்த குச்சிகள் சரிவில் குவிந்து, நடுவே சில மீன்கள் மட்டும் சுற்றினால், அங்கே ஒரு வாரம் தங்குவதற்குப் பணம் கட்டாதீர்கள். வீடியோ அனுப்பத் தயங்கும் சென்டர் பதிலைச் சொல்லிவிட்டது.

ஆட்கள் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ரிசார்ட்டும் டைவ் சென்டரும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் அல்ல. சென்டரை ஒப்பந்தத்துக்கு விட்டிருப்பார்கள். ஒப்பந்தம் கைமாறினால் தோணி, கருவிகள், வழிகாட்டிகள், இடங்களின் பட்டியல் எல்லாம் ஒரே நாளில் மாறும். (அங்கே படகுக்கும் 'தோனி' என்றுதான் பெயர், நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றாது.) ஆகவே மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: இப்போது சென்டரை நடத்துவது யார், எப்போதிலிருந்து? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? தினம் எத்தனை தடவை தோணி கிளம்பும், குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் கிளம்பும்? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். நாலு பேர் சேராவிட்டால் தோணி இல்லை என்று விதி இருந்தால், கூட்டம் குறைந்த மாதத்தில் வாரம் முழுக்கக் கரையோரப் பவளத்திட்டையே சுற்றி வரவேண்டியிருக்கும்.

பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரிசார்ட்டில் தங்குவோருக்கான பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 டாலரிலிருந்து 12 டாலராகிவிட்டது. இருவர், 7 இரவு என்றால் 168 டாலர். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். 10 சதவீதச் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகுதான் வழக்கமாக அந்த வரியைப் போடுவார்கள். அதனால் விலைப்பட்டியலில் '++' (சேவைக் கட்டணமும் வரியும் தனி) என்று போட்டிருக்கும் 1,000 டாலர், பில்லாகக் கையில் வரும்போது 1,287. டைவ் கட்டணத்துக்கும் இது பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

தீவில் இறங்கியதும் பத்து டைவ் பேக்கேஜ் நீட்டுவார்கள். முதல் நாள் கையெழுத்து வேண்டாம். இரண்டு டைவ் தனியாகப் போட்டுப் பாருங்கள். பிறகு பேக்கேஜ் எடுத்தால் அந்த இரண்டையும் அதே விலையில் சேர்ப்பார்களா, போடாத டைவுக்குப் பணம் திரும்புமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அந்த இரண்டு டைவுக்கு முன் வாடகைக் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். டேங்கிலிருந்து மூச்சுக்குக் காற்றைத் தரும் கருவி ரெகுலேட்டர். அதன் முதல் நிலையில், அதாவது டேங்கில் மாட்டும் பகுதியில், பொருந்தும் வாய்க்குள் சின்ன வட்ட வடிகட்டி தெரியும். அது உலோகப் பளபளப்போடு இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வேறு கேளுங்கள். டேங்கில் மாட்டி வால்வை முழுக்கத் திறந்து, பிரஷர் கேஜைப் பார்த்தபடி நாலு தடவை ஆழமாக இழுங்கள். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே போய் மேலே வந்தால், வால்வு சரியாகத் திறக்கவில்லை அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. பிசிடியை (காற்றேற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டை) முழுக்க ஊதிப் பத்து நிமிடம் விடுங்கள், தொளதொளத்தால் கசிவு. காற்றேற்றும் பொத்தானை அழுத்தி விட்டதும் காற்று உடனே நிற்க வேண்டும். உப்பேறிச் சிக்கும் பொத்தான் உங்களைக் கேட்காமலே மேலே தூக்கிவிடும்.

டேங்க் காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அன்று இறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அதனால் வாடை இல்லை என்பதை மட்டும் வைத்துத் திருப்தி அடையாமல், டேங்கை நிரப்பும் கம்ப்ரசரின் வடிகட்டி மாற்றிய தேதிப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காற்றை உறிஞ்சும் குழாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இல்லையா என்றும் பாருங்கள். டேங்க் 200 பாருக்குப் (பார் என்பது அழுத்த அளவு) பதில் 180 காட்டினால் அவசரமாக, சூடாக நிரப்பி ஆறவிட்டது என்று பெரும்பாலும் பொருள். 12 லிட்டர் டேங்கில் அந்த 20 பார் 240 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 20 மீட்டர் ஆழத்தில், அழுத்தத்தால் மூன்று மடங்கு காற்று செலவாவதால், 4 நிமிடம் குறைகிறது. தோணியில் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து கேஜையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

குறை தெரிந்தால் அன்றைக்கே எழுதுங்கள். தேதி, டைவ் இடம், குழுவில் எத்தனை பேர், டேங்க் அழுத்தம், போட்டோ. பிறகு ஒரே ஒரு கோரிக்கை: அறை மாற்றம், அல்லது மீதி டைவுக்குப் பணம், அல்லது வேறு வழிகாட்டி. வரவேற்பு மேசையில் வாயால் சொன்னது ஷிப்ட் மாறினால் மறைந்துவிடும். மேலாளருக்கும் பதிவு செய்த ஏஜென்ட்டுக்கும் ஒரே மின்னஞ்சலாகப் போகட்டும். ஊர் திரும்பிய பிறகு எழுதினால், "அங்கேயே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே" என்ற பதில்தான் வரும்.

ஈடாக "கடைசி நாள் காலையில் இலவசமாக ஒரு டைவ்" என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நாள் டைவ் போட்டவர் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மாலேவுக்குத் திரும்பும் சீபிளேனும் அந்தக் கணக்கில் சேரும், அது பகலில் மட்டுமே பறக்கும். மறுநாள் காலை 9 மணிக்கு சீபிளேன் என்றால், கடைசி டைவிலிருந்து முந்தைய நாள் பிற்பகல் 3 மணிக்குள் மேலே வந்திருக்க வேண்டும்.