லேஅவுட் போடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

தமிழ்நாட்டில் ஒரு லேஅவுட், அதாவது மனைப்பிரிவு, சிக்கலில் மாட்டிக்கொண்டால், பழி முதலில் விழுவது அதிகாரிகள் தலையில். ஃபைல் நகரவில்லை, ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள் என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோப்பு ஏன் நின்றது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், பல நேரங்களில் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கோளாறு நடந்து முடிந்திருக்கும். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, மனை எண்களோடு படம் போட்டு, ரோட்டோரம் ஃபிளெக்ஸ் கட்டி, தெரிந்தவர்களிடம் டோக்கன் பணமும் வாங்கியாகிவிடும். விதி என்ன சொல்கிறது என்ற விசாரணை அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை தலைகீழாவதிலிருந்துதான் மீதி வில்லங்கமெல்லாம் கிளைக்கிறது.

தலைவர் கையெழுத்து போதாது

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற பேச்சு இன்னும் புரோக்கர்கள் வாயிலிருந்து போகவில்லை. ஊராட்சித் தலைவர் தானாகவே ஒரு லேஅவுட்டுக்கு அனுமதி கொடுத்துவிட முடியாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் படத்தைப் பரிசீலித்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தரவேண்டும். அதன்பேரில்தான் உள்ளாட்சி அமைப்பு இறுதி அனுமதி வழங்கும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பது, இரண்டும் இல்லாமல் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம்.

முன்பு இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரம் பதிவாகிவிடும், வாங்கியவர் வீட்டைக் கட்டிவிடுவார், மின்சாரமும் வந்துவிடும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும் அந்தக் காலம் முடிந்தது. அப்படிப்பட்ட மனைகளின் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே விற்றுப்போன மனைகளுக்காக 2017-ல் வரன்முறைத் திட்டம், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் திட்டம், கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லைக் கோடு 2016 அக்டோபர் 20. அந்தத் தேதிக்குள் ஒரு மனையாவது பதிவாகியிருந்தால்தான் அந்த மனைப்பிரிவு திட்டத்துக்குள் வரும். எனவே ‘இப்போதைக்கு விற்றுவிடலாம், பின்னால் வரன்முறை செய்துகொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் பழைய செய்தியை வைத்துப் பேசுகிறார் என்று அர்த்தம்.

மனை என்றே எழுதாமல், விவசாய நிலம் என்று சென்ட் கணக்கில் எழுதிப் பதிவு செய்வதும் நடக்கிறது. பத்திரம் பதிவாகலாம். வாங்கியவர் வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கேட்டுப் போகும்போதோ, வங்கிக் கடனுக்கு லீகல் ஒப்பீனியன் வாங்கும்போதோ குட்டு உடையும்.

எட்டு எட்டாகப் பிரிப்பது

விதிகளில் எட்டு மனை வரை பிரித்தால் உட்பிரிவு, எட்டைத் தாண்டினால் லேஅவுட். இதைக் கேட்டதும் சிலருக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றும்: மனைவி பெயரில் எட்டு, தம்பி பெயரில் எட்டு, இந்த வருஷம் எட்டு, அடுத்த வருஷம் எட்டு. எல்லாவற்றுக்கும் தாய்ப்பத்திரம் ஒன்று, உள்ளே போகிற பாதை ஒன்று என்பது ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது மொத்த நிலத்தையும் சேர்த்துக் கணக்குக் கேட்பார்கள். முதல் எட்டை விற்று முடித்தவரிடம் பூங்காவுக்கு விட இடம் மிஞ்சியிருக்காது.

நோட்டில் போடும் கணக்கு

நிலம் வாங்கும்போதே தப்பிப்போகிற கணக்கு இது. ஐந்து ஏக்கர், அதாவது 500 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கு 30 சதவீதம் போனால் மீதி 350 சென்ட். இந்த 350-ஐயும் விற்கலாம் என்ற நினைப்பில் சென்ட் விலை பேசி முடித்துவிடுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கித் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆக, நம் கணக்கில் 35 சென்ட் பூங்காவுக்குப் போய்விட்டது. பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு சதவீதம், மூன்றரை சென்ட். இதற்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளுக்கு இன்னொரு 10 சதவீதம். அதை விற்கலாம், ஆனால் சிறு மனைகளாக மட்டும். இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆளுக்குக் கொடுக்க முடியாது. கடைசியில் இஷ்டப்படி விற்க மிஞ்சுவது 276 சென்ட் சொச்சம். 350 என்று நினைத்து நிலத்துக்கு விலை கொடுத்தவர், இந்த 74 சென்ட்டை எங்கேயாவது ஈடுகட்டப் பார்ப்பார். சாலையைக் குறுக்குவது, முனைகளில் வண்டி திரும்ப வெட்டிவிட வேண்டிய இடத்தை மனையோடு சேர்ப்பது, பூங்காவை உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே தள்ளுவது என்று மற்ற தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள நிலங்களுக்கு, இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி இருக்கிறது. பெரிய நிலத்துக்கும் அதே சலுகை கிடைக்கும் என்று எண்ணிப் படம் போட வேண்டாம். இலவசமாக இடத்தை வாங்கிக்கொள்வதே செல்லாது என்று வழக்குப் போட்டால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். போட்டாகிவிட்டது. இந்த ஓஎஸ்ஆர் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பே சொல்லிவிட்டது.

காய்ந்து கிடக்கும் வாய்க்கால்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நிலத்தைப் பார்க்கப் போவது பெரும்பாலும் வெயில் காலத்தில். கருவேல முள் மண்டிய ஒரு பள்ளம் நிலத்தின் ஓரமாகவோ குறுக்காகவோ ஓடும். ‘அது சும்மா பள்ளமுங்க, ரெண்டு லோடு மண்ணைக் கொட்டினா சரியாப் போயிடும்’ என்பார் விற்கிறவர். எஃப்எம்பி எனப்படும் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே இரட்டைக் கோடு ஓடும். கிராமத்து நிலங்களின் விவரம் இருக்கும் ஏ-பதிவேட்டில் அதற்கு நேரே ‘வாய்க்கால், சர்க்கார் புறம்போக்கு’ என்று இருக்கும். பட்டாவையும் பத்திரத்தையும் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவை தனியார் நிலத்தை மட்டும்தான் பேசும். நடுவில் ஓடுகிற அரசு நிலத்தைக் காட்டுவது எஃப்எம்பிதான். வண்டிப்பாதையும் இப்படித்தான். ஊரில் யாரும் அதில் போய்வருவதில்லை என்பதற்காக அது புறம்போக்கு இல்லை என்று ஆகிவிடாது.

நீர்நிலை, நீர்வழி ஓரத்தில் 15 மீட்டருக்குள் மனை போடப் பார்த்தால் அனுமதியை மறுக்கலாம், அல்லது நிபந்தனைகளோடு தரலாம். நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்டுப் போனால், சாலை மட்டம் எவ்வளவு உயர வேண்டும், எந்த இடத்தில் கல்வெர்ட் வேண்டும், வாய்க்காலின் அகலம் எவ்வளவு விட வேண்டும் என்றெல்லாம் எழுதித்தான் தருவார்கள். அந்தக் கடிதத்தை அனுமதிச் சீட்டாக மட்டும் பார்த்து ஃபைலில் சேர்த்துவிட்டு, நிபந்தனைகளைப் படிக்காமலே விடுவது அடுத்த தவறு. நிலத்தை மட்டும் மூன்றடி உயர்த்திவிட்டுத் தண்ணீர் போக வழி விடாவிட்டால், ஐப்பசி மழையில் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். குளத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்களும் ரொம்பக் கறாராக இருக்கின்றன. கட்டி முடித்த வீட்டுக்கே நோட்டீஸ் வருகிற காலம் இது.

இன்னொன்று அளவு. பத்திரத்தில் ஒரு விஸ்தீரணம், பட்டாவில் ஒன்று, சங்கிலி போட்டு அளந்தால் வேறொன்று என்று வருவது சகஜம். மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் படம் போட வேண்டும். கூடுதலாக உள்ளதை வைத்துக் கடைசி வரிசை மனைகளைப் போட்டுவிட்டால், சர்வேயர் எல்லைக்கல் நடும் அன்று அந்த வரிசையே பக்கத்து நிலத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

மண்டலம் என்ன என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியில் நிலம் விவசாய மண்டலத்தில் இருந்தால், முதலில் அதைக் குடியிருப்பாக மாற்ற வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் 2017-ஆம் ஆண்டின் நிலப் பயன்பாடு மாற்ற விதிகள் வருகின்றன. நஞ்சை என்றால் கேள்விகள் இன்னும் கூடும். இதற்கெல்லாம் பிடிக்கிற காலத்தைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்த்து, மாற்றம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மலைப்பகுதிக் கிராமமா, ரயில்வே எல்லைக்கு 30 மீட்டருக்குள் இருக்கிறதா என்பதும் அதே நாளில் பார்த்துவிட வேண்டியவை.

சாலையை வைத்து ஆடும் ஆட்டம்

உள்ளே அழகாகச் சாலை போட்டுவிட்டு, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் பாதை யாருடையது என்று பார்க்க மறப்பார்கள். அது பக்கத்துக்காரரின் பட்டா நிலத்தில் வாய்மொழி அனுமதியில் ஓடும் பாதையாக இருந்தால் லேஅவுட் நிற்காது. அந்தத் துண்டையும் வாங்கிப் பொதுச் சாலையாக எழுதிக்கொடுத்தால்தான் விஷயம் நகரும். இது தெரிந்ததும் பக்கத்துக்காரர் சொல்கிற விலையே தனி.

பாதைக்கு அப்படி விலை கொடுத்த லேஅவுட்காரரே தன் முறை வரும்போது என்ன செய்கிறார்? தன் சாலை முடியும் இடத்தில், எல்லையை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஒரு பட்டையை விட்டுவிட்டுச் சாலையை நிறுத்திக்கொள்கிறார். பின்னால் உள்ள நிலத்துக்காரருக்கு வழி வேண்டுமென்றால் அந்தப் பட்டையை அவரிடம் விலைக்கு வாங்க வேண்டும். ரொம்பப் பழைய வித்தை. பரிசீலிக்கிறவர்களுக்கும் இது தெரியும். சாலையை எல்லை வரை கொண்டுபோய்த் தொடவிடு என்று படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். தெருக்குத்து வராமல் இருப்பதற்காகச் சாலைகளை முட்டுச்சந்துகளாக வளைப்பதும் இப்படித்தான் திரும்பி வரும். வாஸ்து பார்ப்பது அவரவர் விருப்பம், ஆனால் தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு அது உதவாது. சாலை நீளமாகப் போகப் போக அகலமும் கூட வேண்டும் என்பதை மறந்து, ஒரே அகலத்தில் கோடு இழுத்துவிடுவதும் உண்டு.

அப்புறம் அந்த ‘கேட்டட் கம்யூனிட்டி’. லேஅவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பிறகு அவை பொதுச் சாலைகள். நுழைவாயிலில் கேட் போட்டு, காவலாளியை உட்கார வைத்து, வருகிறவர்களிடம் பெயர் கேட்பதற்கு அங்கே உரிமை இல்லை. நோட்டீஸில் கேட் படம் போட்டு விற்றுவிட்டு, பிறகு அதை ஊர்க்காரர்கள் திறக்கச் சொல்லும்போது வாங்கியவர்களுக்கும் ஊருக்கும்தான் சண்டை. விற்றவர் அதற்குள் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்.

ரெரா

2016-ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை போட்டு விற்பதென்றால் பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட் சொச்சம்தான், ஆகவே எந்த லேஅவுட்டும் தப்பாது. பதிவு எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்யக் கூடாது, புக்கிங் வாங்கக் கூடாது. ‘ப்ரீ-லாஞ்ச் ஆஃபர்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதும் விளம்பரம்தான். பதிவு செய்யாமல் விட்டால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் போகலாம். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் பலருக்குத் தெரிந்தேதான் மீறப்படுகின்றன.

எழுதிக்கொடுத்தும் கொடுக்காத பூங்கா

தானப்பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். உள்ளாட்சி அலுவலகத்திலும் அந்தப் பத்திரத்தை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து வாரிசுகள் பட்டாவைப் பார்த்து, பூங்கா என்று விட்டிருந்த இடத்தைத் தங்களுடையது என்று நினைத்து, அல்லது நினைப்பதுபோல் காட்டி, நாலு மனையாகப் பிரித்து விற்கப் போவார்கள். அங்கே வேலியும் இல்லை, ஒரு போர்டும் இல்லை, மாடு மேய்கிற வெற்றிடம் மட்டும் இருந்தால் வாங்குகிறவருக்கும் சந்தேகம் வராது. தானப்பத்திரம் பதிவான கையோடு சாலைக்கும் பூங்காவுக்கும் தனி உட்பிரிவு எண் வாங்கி, வருவாய்க் கணக்கில் ஊராட்சி அல்லது நகராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லித் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, மாறிவிட்டதா என்று இணையத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். விற்றவர் செய்யவில்லை என்றால் அங்கே மனை வாங்கியவர்களே சங்கமாகச் சேர்ந்து அந்த மனுவைக் கொடுக்கலாம்.