டெல்டாவுல பழைய விடெக் வாங்கப் போறீங்களா? பாடியைப் பாருங்க, அப்புறம் எலியைப் பாருங்க

2001-ல நான் எட்டாவது படிக்கும்போது எங்க ஊர் டாக்டர் ஒருத்தர் சில்வர் கலர் ஹோண்டா சிட்டி விடெக் வச்சிருந்தாரு. பாபநாசம் மெயின் ரோட்ல அது கியர் மாத்திப் போற சத்தம் கேட்டா டியூஷன்ல இருந்து எந்திரிச்சு வாசலுக்கு ஓடிருவேன், அதுக்காக வாத்தியார்கிட்ட அடியும் வாங்கிருக்கேன். அந்த மாடலை 2019-ல தான் என்னால வாங்க முடிஞ்சுது. 2002 மேக், வெள்ளை கலர், மூணாவது ஓனர். பதினெட்டு வருஷ ஆசை. வாங்கி ஆறே மாசத்துல அதை எலிக்கு தீனியா போட்டேன், அந்தக் கதைக்கு பின்னாடி வரேன்.

ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டு கதவு இருக்கணும், கூரை தொறக்கணும்னு சண்டைக்கு வர்றவங்க வரட்டும். போர்ஷே பாக்ஸ்டரும் பிஎம்டபிள்யூ இசட்4-ம் செகண்ட்ஸ்ல கிடைக்குது தான், ஆனா அதை வாங்குற காசுல இங்க ஒரு மா நிலத்தை வாங்கிப் போட்டுட்டு போயிருவாங்க. நம்ம பையில இருக்குற காசுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா 2000-ல இருந்து 2003 வரைக்கும் வந்த இந்த விடெக் தான். 1500 சிசி, 106 குதிரை, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ரேஸ் ஓடுன வண்டி. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, 2003-க்கு அப்புறம் வந்த மூக்கு சப்பை மாடல்லயும் பின்னாடி விடெக்னு எழுதி வந்துச்சு, அது வேற வண்டி. பழைய 1.3 வண்டியில விடெக் ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க, அதனால ஆர்சியில மாடல் என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டு தான் டீயே குடிக்கணும்.

விடெக்னா என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு தானா புரியும். இன்ஜின் வால்வுகளைத் தொறந்து மூடுற தண்டு தான் கேம் ஷாஃப்ட், அதுல சின்ன லோப், பெரிய லோப்னு ரெண்டு வகை மேடு இருக்கு. மெதுவா ஓட்டும்போது சின்னது வால்வைத் தொறக்கும். ஆர்பிஎம் அஞ்சாயிரத்தை ஒட்டிப் போறப்ப ஆயில் பிரஷர் ஒரு பின்னைத் தள்ளி வால்வை அழுத்துற ராக்கர்களை ஒண்ணாப் பூட்டிரும், அதுக்கப்புறம் பெரிய லோப் தான் வேலை செய்யும், வால்வு அதிகமா தொறக்கும், நேரமும் கூடும். அப்ப சத்தமே மாறும். அந்த சத்தத்துக்குத் தான் நான் அடி வாங்குனது. இதுல விஷயம் என்னன்னா ஸ்விட்சே ஆயில் பிரஷர் தான், ஆயில் கொறைஞ்சாலோ கசடு அடைச்சாலோ விடெக் வராது. ஆக ஆயிலை ஒழுங்கா மாத்தாத ஓனர்கிட்ட இந்த வண்டியை வாங்கக்கூடாது.

வண்டி தேடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைத் தேடுங்க. நான் மொதல்ல வண்டியைப் பார்த்து மயங்கிட்டு அப்புறம் மெக்கானிக்கைத் தேடி அலைஞ்சேன், நீங்க அப்படிச் செய்யாதீங்க. ஸ்கேனர் மாட்டி எரர் கோட் (code) படிக்கிற பசங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா பிளக்குகளுக்கு கரண்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிப்யூட்டர் வச்ச பழைய வண்டியைக் காதால கேட்டு சொல்ற ஆளு கும்பகோணம் சுத்துவட்டாரத்துல விரல் விட்டு எண்ணுற அளவுல தான் இருக்காங்க. எனக்குக் கிடைச்சவர் ஒரு பாய். அவரை பைக்ல பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு நாலு வண்டி பார்த்தேன்.

அதுல ஒண்ணு நாகப்பட்டினத்துல. கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ள புது சீட் கவர், இன்ஜின் பூனை மாதிரி ஓடுது, நான் அட்வான்ஸ் கொடுக்க பர்சை எடுத்துட்டேன். பாய் இன்ஜினையே பார்க்கல. நேரா டிக்கியைத் தொறந்து ஸ்டெப்னியை வெளிய எடுத்து வச்சுட்டு, அந்தக் குழியில ஸ்க்ரூடிரைவரை வச்சு லேசா அழுத்துனாரு. பிஸ்கெட்ல குத்துன மாதிரி உள்ள போயிருச்சு. கீழ தரை தெரியுது. ஓனர் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. திரும்பி வர்றப்ப பாய் சொன்னாரு, "தம்பி, இன்ஜினை நான் செஞ்சு தந்துருவேன், பாடியை யாரு செய்வா?" மொத்த விஷயமும் இதுல இருக்கு. பிஸ்டன் ரிங், வால்வு சீல், கேஸ்கட் எல்லாம் எப்படியாச்சும் புடிச்சிரலாம், சென்னை புதுப்பேட்டையில இல்லன்னா கோயம்புத்தூர் உக்கடத்துல தேடுனா பழைய பீஸாச்சும் மாட்டும். உப்புக்காத்து தின்ன பாடிக்கு மாத்து கிடையாது, வெட்டி வெல்டிங் வச்சாலும் அடுத்த ஐப்பசி மழையில பக்கத்துல இன்னொரு எடத்துல பூக்கும்.

அதனால டிக்கி தரை, நாலு வீல் ஆர்ச்சோட உள் விளிம்பு, கதவுக்குக் கீழ இருக்குற சில், முன்னாடி சஸ்பென்ஷன் டவர் இதெல்லாத்தையும் கையால தடவிப் பாருங்க. பிரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, பட்டி அடிச்ச எடத்துல அது ஒட்டாம வழுக்கி விழும். வெள்ளத்துல நின்ன வண்டியான்னும் பார்க்கணும். 2015 டிசம்பர்ல சென்னையில முங்குன வண்டிங்க எத்தனையோ கழுவித் தொடைச்சு வெளியூருக்கு வந்துச்சு, நம்ம பக்கமும் மழை ஒண்ணும் கொறைச்சல் இல்ல. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு நின்ன கோடு அதுல தான் மிச்சம் இருக்கும், மேல எவ்வளவு துவைச்சாலும் சுருட்டி உள்ள இருக்குற பாகத்தை யாரும் துவைக்கிறதில்ல. சீட்டுக்குக் கீழ இருக்குற தண்டவாளத்துல துரு, கார்பெட்டைத் தூக்குனா வண்டல் வாசனை, இது வந்துச்சுன்னா கெளம்பிருங்க.

இன்ஜினை எப்பவும் ஆறிப்போன நிலையில பார்க்கணும். நாங்க வந்து தான் ஸ்டார்ட் பண்ணணும்னு முன்னாடியே போன்ல சொல்லிருங்க, போனதும் பானட்டுல கையை வைங்க, சூடா இருந்தா அவர் எதையோ மறைக்கிறாருன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணதும் ஒரு குப்பு நீலப் புகை வந்து நின்னுச்சுன்னா வால்வு சீல், அதுக்கு விலை கொறைச்சுக் கேக்கலாம். ஓட்டும்போது ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலமா வந்துக்கிட்டே இருந்தா ரிங் போச்சு. ஆயில் மூடியைத் தொறந்தா உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலக்குதான்னு சந்தேகப்படணும், ஹெட் கேஸ்கட் பிரச்சனையா இருக்கலாம். முடிஞ்சா சிலிண்டர் அழுத்தத்தை அளக்குற கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டுருங்க, நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும்.

நம்ம ஊர் தாம்பாளம் மாதிரி தட்டை, கிளட்சைச் சோதிக்க மேடே கிடைக்காது. ரயில்வே மேம்பாலம் எதுலயாச்சும் ஏத்துங்க. மூணாவது கியர்ல மெதுவா ஏறிக்கிட்டே ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்துங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச் காலி. அப்புறம் தஞ்சாவூர் திருச்சி நாலு வழியில கொண்டு போய், இன்ஜின் நல்லா சூடானதுக்கப்புறம், ரோடு காலியா இருக்குற எடமாப் பார்த்து ரெண்டாவது கியர்ல ஆறாயிரம் வரைக்கும் இழுங்க. அந்த சத்தம் மாறுதான்னு பாருங்க. ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போட்டா டக்கு டக்குன்னு கேட்டுச்சுன்னா ஆக்சில் ஜாயின்ட் தேஞ்சிருக்கு, அது சின்ன செலவு தான். டயர் பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2316-ன்னா 2016-ல 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். எனக்கு வந்த வண்டியில இருந்த டயர்ல ஒண்ணு என் கல்யாணத்தை விடப் பழசு.

பேப்பர் விஷயத்துல நம்ம பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு, காரைக்கால் வண்டி. பிஒய் 02 நம்பர் நம்ம ரோட்ல நிறைய ஓடுது, விலையும் கொஞ்சம் கொறைச்சு சொல்வாங்க. ஆனா அதை டிஎன் 49-க்கோ 68-க்கோ மாத்தணும்னா அங்க என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், இங்க வரி கட்டணும், அலையணும். அந்தச் செலவைச் சேத்துப் பார்த்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது. டெல்லி வண்டியும் இதே கதை தான், அங்க பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம்னு கட்டுப்பாடு வந்ததால சல்லிசா வருது. "ஓப்பன்ல தரேன், ஃபார்ம் 29, 30 கையெழுத்து போட்டு வச்சிருக்கேன்"னு புரோக்கர் சொன்னா, அதாவது பேர் மாத்துற ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் இருக்குன்னா, ஆர்சியில பேர் இருக்குற ஆள் உயிரோட இருக்காரான்னு மொதல்ல கேளுங்க. எனக்கு விக்க வந்த ஒரு வண்டியோட ஓனர் செத்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு. சேசிஸ் நம்பரை நீங்களே குனிஞ்சு பார்த்து ஆர்சியோட ஒத்துப் பாருங்க. லோன் இருந்திருந்தா ஹெச்பி, அதாவது ஆர்சியில இருக்குற அடமானக் குறிப்பு, கேன்சல் ஆயிருக்கான்னும் பாருங்க. இந்த வண்டிக்கெல்லாம் 15 வருஷம் முடிஞ்சு போச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டுன காருக்கு அந்த பீஸை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க, அந்தப் புதுப்பிப்பு (எஃப்சி) இன்னும் எத்தனை மாசம் மிச்சம் இருக்குன்னு பார்த்து பேரம் பேசுங்க.

கையில மூணு ரூபா இருந்தா ரெண்டு ரூபாய்க்கு வண்டி வாங்குங்க, மிச்சம் ஒரு ரூபா மொத மாசத்துலயே போயிரும். பில் இல்லாம "பெல்ட் மாத்தியாச்சு சார்"னு சொன்னா மாத்தலைன்னே வச்சுக்குங்க, டைமிங் பெல்ட் அறுந்தா வால்வு வளைஞ்சு ஹெட்டையே இறக்க வேண்டியதாயிரும். பெல்ட் மாத்துறப்பவே வாட்டர் பம்ப்பையும் மாத்திருங்க, ரெண்டுக்கும் பிரிக்கிற கூலி ஒண்ணு தான்.

இப்ப எலிக் கதை. 2019 ஐப்பசி, மழை விடாம கொட்டுது, வண்டி நனையக்கூடாதுன்னு கொல்லையில கொட்டகைக்குள்ள விட்டு, தடிமனா ஒரு கவரும் வாங்கி மூடி, நாப்பது நாள் தொடவே இல்ல. பக்கத்துலயே வைக்கோல் போரு. தை மாசம் மாதிரி வெயில் அடிச்ச ஒரு நாள் கவரை எடுத்தேன், சீட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, பிரேக் டிஸ்க் ஒட்டிக்கிட்டு வண்டி நகர மாட்டேங்குது, பேட்டரி செத்துப் போச்சு. பானட்டைத் தொறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டி நிறைய நெல்லு. கதிர் கதிரா கொண்டாந்து அடுக்கி வச்சிருக்கு, மேல சீட்டு ஃபோம் பிச்சு மெத்தை போட்டு, அதுல கண்ணு தொறக்காத குட்டி அஞ்சு. இன்ஜெக்டர் போற வயர் எல்லாம் பல்லால சீவிவிட்ட மாதிரி செம்பு தெரியுது. பாய் வயரிங்கை ஒண்ணொண்ணா ஒட்டி முடிக்க பதினோரு நாள் ஆச்சு.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது, டெல்டாவுல வண்டி ஓடிக் கெடுறதை விட நின்னு கெடுறது தான் ஜாஸ்தி. வாரத்துக்கு ரெண்டு தடவை, சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறது இல்ல, இருபது கிலோமீட்டராச்சும் ஓட்டிட்டு வரணும், அப்பத்தான் ஆயில்லயும் சைலன்சர்லயும் சேந்த ஈரம் போகும். கவர் போடாதீங்க, போட்டா காத்து போற துணிக் கவர், அதுவும் காஞ்ச வண்டிக்கு மட்டும். இப்ப பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் கலக்குறாங்க, அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்துல வந்த நம்ம வண்டியோட ரப்பர் ஹோஸெல்லாம் அதுக்குன்னு செஞ்சதும் இல்ல, ஹோஸை வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்திருங்க. ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, நம்ம கடலோரத் தண்ணியில இருக்குற உப்பு உள்ள போய் பாறை மாதிரி படியும், கூலன்ட் மட்டும் தான். ஆயில் அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு இல்லன்னா ஆறு மாசத்துக்கு, எது முன்ன வருதோ அப்ப. பூம்புகார், கோடிக்கரைன்னு கடல் பக்கம் போய்ட்டு வந்தா அன்னைக்கு ராத்திரியே அடிபாகத்தை நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவிருங்க.

ரோட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை. அறுவடை நேரத்துல உளுந்துச் செடி, எள்ளுச் செடி எல்லாம் ரோட்ல பரப்பி வச்சிருப்பாங்க, வண்டி ஏறி அடிச்சுக் கொடுக்கட்டும்னு. நம்ம வண்டி தாழ்வு, செடி கீழ சிக்கி ஆக்சிலைச் சுத்தி அதோட ரப்பர் உறையைக் கிழிக்கும், சூடான சைலன்சர்ல ஒட்டுனா தீயே பிடிக்கும். சுத்திப் போக வழி இருந்தா சுத்திப் போங்க, இல்லன்னா அந்தப் பக்கம் தாண்டுனதும் நிறுத்தி குனிஞ்சு பார்த்து பிடுங்கி எறிஞ்சுருங்க. பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஊருக்கு மூணு, அதுல நேரா ஏறாம கோணலா ஒவ்வொரு வீலா ஏத்தி இறக்குங்க, பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிப்பாரு, அடிக்கட்டும்.

எலிக்கு அந்துருண்டை, புகையிலைக் கட்டு எல்லாம் வச்சுப் பார்த்துட்டேன், ஒரு வாரம் தான் தாங்கும், அப்புறம் அதுவும் பழகிருது. எங்க சித்தப்பா வயல்ல எலி பிடிக்க வைக்கிற மூங்கில் கிட்டி ரெண்டை கொட்டகை ஓரமா வச்சுத் தந்தாரு, அது ஓரளவுக்கு கேக்குது. வைக்கோல் போரை கொல்லையோட அந்தக் கோடிக்கு மாத்தியாச்சு. ராத்திரி பானட்டைத் தூக்கியே வச்சுடுவேன், வெளிச்சமும் காத்தும் இருந்தா அது கூடு கட்டாது. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர் பெட்டியோட கிளிப்பை எடுத்து ஒரு பார்வை. போன வாரம்கூட உள்ள நாலு நெல்லு கெடந்துச்சு.